படித்ததைச் சொல்லும் கடன்

பெங்களூரில் கணினித் தொழிலை நம்பி வாழும் இளைஞர்கள் இருவர் ஓய்வாகச் சந்திக்கும்போது, வாடகையும் வாகன நெரிசலும் பேசித் தீர்ந்த பிறகு, "இப்ப என்ன படிச்சிட்டிருக்கே?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வதுண்டு. இந்நகரம் தன் பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்த உத்தமமான பழக்கங்களில் ஒன்றாகவே நான் இதைக் கருதுகிறேன்.

இவ்வாறு கைமாறும் நூல்களுள் பிரெடரிக் ப்ரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட 'தி மிதிகல் மேன்-மன்த்' முக்கியமானது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிகளுக்கு இயங்குதளம் ஆக்கும் பெரும்பணியை நிர்வகித்த அவர், கெடு தவறிப்போன மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால், புதியவர்களுக்குப் பழையவர்கள் பாடம் சொல்வதிலும் எல்லோரும் எல்லோரோடும் கலந்துபேசுவதிலுமே பொழுது கழிந்து, வேலை இன்னும் பின்தங்கும் என்று தம் அனுபவத்தால் கண்டு சொன்னார். கெடு தவறி, மேலிடம் புதிதாக ஆட்களை அனுப்புவதாக வாக்களித்திருக்கும் வாரத்திலே, மூத்தவர் ஒருவர் அந்நூலை இளையவரின் மேஜைமீது வைத்து, "ரெண்டாவது அத்தியாயத்தை மட்டுமாவது படிச்சிடுப்பா" என்று சொல்வாரானால், அதுவே நோயறிந்து கொடுத்த மருந்தாகும். படித்தே தீரவேண்டிய நூறு நூல்கள் என்று முகமறியாதவர்களுக்கு வழங்கப்படும் ஜாபிதாக்களில் எனக்குச் சிறிதும் நம்பிக்கையில்லை.

பொறியியலுக்கும் புத்தகத்துக்கும் இந்நகரில் உள்ள உறவு நெடுநாளையது. பிரிகேட் ரோட்டுக்கு அருகே, கே.பி.கே. ராவ் 1945-இல் தொடங்கிய செலக்ட் புத்தகக் கடையைப் பின்னாளில் ஏற்று நடத்திய அவர் குமாரர் கே.கே.எஸ். மூர்த்தி விமானப் பொறியியல் கற்றவர். தமிழர்களாகிய நமக்கோ இன்னும் நெருங்கிய உதாரணம் உண்டு. ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணிபுரிந்து, வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆக்கத்தில் பெரும்பங்கு வகித்த எஸ். ரங்கராஜன், சுஜாதா என்ற பெயரில் கதைகள் எழுதியதோடு நில்லாமல், கணையாழி இதழின் கடைசிப் பக்கங்களில் தாம் படித்தவற்றையெல்லாம், பெயர் தெரியாத புதுக்கவிஞர் ஒருவரின் வரிகள் உட்பட, முன்பின் அறியாத வாசகர்களிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தாம் கற்றதைத் தம் சகாக்களுக்கு மட்டும் ஆங்கிலத்தில் சொல்லித் திருப்தியடையாமல், தமிழில், தமிழருக்குச் சொன்னார் என்பதே அவர் செய்த உபகாரத்தில் பிரதானமானது.

அந்த உபகாரம் இன்று தேவைப்படும் இடம் வெகுதூரத்தில் இல்லை. நகர ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகின்றன. அங்கே வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. டிப்ளமோவிலோ பொறியியலிலோ சேர்ந்து, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் ஒரு பெண், ஆங்கில நூல்களின் பெயர்களைக் காதால் கேட்டிருக்கலாம்; அவற்றில் எதை முதலில் எடுப்பது, எந்த இடத்தில் தடுக்கும், தடுத்தால் எதை விட்டுவிட்டு மேலே போகலாம் என்று வீட்டுப் பேச்சிலே எடுத்துச் சொல்ல அவளுக்கு ஓர் அண்ணனோ அக்காவோ இல்லை. தமிழ் எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தாலும் அவளுக்குப் பிரயோசனப்படாது. வாயால் சொல்லத்தான் வேண்டும்.

ஆகையால், பெரிய சம்பளத்தில் இந்நகரில் வாழும் தமிழ்ப் பொறியாளர்கள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாங்கள் அப்போது உண்மையாகவே படித்துக்கொண்டிருக்கும் ஒரு நூலை எடுத்துக்கொண்டு அங்கே போய், அரைமணி நேரம் பேச்சுத் தமிழில் அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று வேண்டுகிறேன். 1950-இல் தோன்றி, அல்சூர் ஏரிக்கருகில் நூலகத்தோடு விளங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இதற்குத் துணைநிற்குமானால் நல்லது. இல்லாவிட்டாலும் தெருவிலுள்ள கோயில் மண்டபம் போதும். முழுதும் படித்து முடித்த மேதாவியாக வர வேண்டியதில்லை; பாதியில் நிற்கிறவர், தாம் நிற்கும் இடத்தைச் சொன்னாலே பிள்ளைகளுக்குத் தைரியம் பிறக்கும்.

தொடங்குவதற்குச் சார்ல்ஸ் பெட்ஸோல்ட் 1999-இல் வெளியிட்ட 'கோட்' என்னும் நூலைச் சிபாரிசு செய்வேன். இரவில் எதிரெதிர் வீடுகளிலிருந்து டார்ச் விளக்கால் பேசிக்கொள்ளும் இரண்டு சிறுவர்களில் ஆரம்பித்து, மோர்ஸ் சங்கேதம், தந்தி, ரிலே என்று படிப்படியாக நடத்திச் சென்று, அந்த ரிலேக்களை அடுக்கியே கூட்டல் இயந்திரத்தைக் கட்டிக்காட்டும் அந்நூலை, தண்டவாளத்துக்கு அருகே வளரும் பிள்ளைகளிடம் பேட்டரி, பல்பு, இரண்டு முழம் கம்பி இவற்றைக் கொண்டே விளக்கத் தொடங்கலாம். பேசி முடித்தபின், சொன்னவர் தம் பிரதியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். அதில் அவர் பென்சிலால் கோடிட்ட இடங்களும் சந்தேகக்குறி போட்ட இடங்களும் அடுத்துப் படிக்கும் பெண்ணுக்குப் புதுப்பிரதியைவிட அதிகமாக உதவும்.