இரும்புக்கு ஜாதகம் உண்டா?

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா தேசமெங்கும் சென்று ஆழ்குழாய்க் கிணறு போட்டு வருகின்றன என்பது தோழர்கள் அறிந்த சங்கதியேயாகும். பாறையைக் குடையும் பிட் வாங்குகிற வண்டிக்காரர் எவரும், பிட் எந்த நட்சத்திரத்தில் பிறந்தது என்று விசாரிப்பதில்லை. எத்தனை அடி தாங்கும் என்றுதான் விசாரிக்கிறார். ஆனால் அதே பிட்டை எந்த இடத்தில் இறக்குவது என்று வரும்பொழுது மாத்திரம், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றுகிறவரின் வாக்கு வேதவாக்காகிவிடுகிறது!

உலோகத்தின் கடினத்தை எப்படி அறிகிறார்கள் என்பதைச் சற்று கவனிப்போம். பழைய கொல்லர் அரத்தால் ராவிப் பார்த்தார். அரம் கடித்தால் மெத்து, வழுக்கினால் கெட்டி. அதுவும் நல்ல சோதனையே. ஆனால் எவ்வளவு கெட்டி என்பது அவர் கைக்கு மாத்திரம் தெரிந்த விஷயமாக இருந்தது. அதனாலேயே கொல்லர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் இரும்பின் குணம் விளங்கும் என்கிற பேச்சும் நிலைத்தது. 1900-ல் ஸ்வீடன் தேசத்து பிரினெல் என்பவர், 10 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை 3000 கிலோ பாரத்தால் உலோகத்தின்மேல் அழுத்தி, விழுந்த குழியின் அகலத்தை அளக்கும் முறையை வெளியிட்டார். குழி அகலமானால் உலோகம் மெத்து. பிறகு அமெரிக்காவில் ராக்வெல் என்ற பெயருடைய இருவர் குழியின் ஆழத்தையே முள் காட்டும்படி ஒரு யந்திரம் செய்து 1919-ல் பேட்டண்ட் பெற்றார்கள். எஃகுக்கு வைர முனையை முதலில் 10 கிலோவில் பதியவைத்து, பிறகு 150 கிலோ வரை ஏற்றி இறக்குவார்கள். மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்கு கூடுதலாக இறங்கியிருந்தால் ஒரு நெம்பர் குறையும். சேலத்துத் தொழிற்பள்ளியில் படிக்கும் எந்த ஜாதிப் பையன் கைப்பிடியைத் திருப்பினாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். ஆயுத பூஜையன்று யந்திரத்துக்குச் சந்தனம் அப்புகிறார்கள். அதனால் முள் ஒரு கோடுகூட நகருவதில்லை.

கடினம் ஒன்றே போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. மிகக் கெட்டியானது அடிபட்டால் நொறுங்கிப் போகும். அதனால்தான் பிட்டின் முகத்திலுள்ள டங்ஸ்டன் கார்பைடு குமிழ்களில் கோபால்ட்டைக் கலந்து, நொறுங்காத தன்மையையும் சேர்க்கிறார்கள்.

இதில் நமக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறொன்று. யந்திரத்தையே நம்புவதில்லை! கடினம் முன்பே தெரிந்த ஒரு எஃகுக் கட்டையை வைத்து அழுத்திப் பார்க்கிறார்கள். நெம்பர் தப்பினால் யந்திரத்தை ஒதுக்கிவைத்து ரிப்பேர் செய்கிறார்களேயொழிய, கட்டையின் கர்மவினை என்று சொல்லுவதில்லை.

தேங்காய்க்காரர் காட்டிய இடத்தில் ஆயிரம் அடி போயும் புழுதி பறந்தால் அது யார் குற்றம்? நிலத்துக்காரனின் தலையெழுத்தாம்! கூலி வாங்கினவர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். வண்டி வாடகைக்கும் குழாய்க்கும் வாங்கிய கடன் குடியானவன் தலையில் நிற்கிறது. பெண்டாட்டியின் தாலிக்கொடியும் அடகுக்கடைக்குப் போய்விடுகிறது.

ஆகையால் நாமக்கல் பக்கத்துக் குடியானவத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். அவர் தேங்காய் நிமிர்ந்ததென்று சொல்லும் இடத்தை அவர் பார்க்காதபடி குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் கண்ணைத் துணியால் கட்டி, வேறொரு மூலையிலிருந்து மறுபடியும் நடக்கச் சொல்லுங்கள். தேங்காய் அதே இடத்தில் நிமிருகிறதா என்று பாருங்கள். கூலியைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.