தேற்றுவோர் செய்யும் தீங்கு

தமிழர் இல்லம் ஒன்றில் சாவு நிகழ்ந்தால் உறவும் ஊரும் திரண்டு வரும். பந்தல் எழும்; வாடகை நாற்காலிகள் வந்திறங்கும்; பெரிய பாத்திரத்தில் தேநீர் கொதிக்கும். பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் பந்தல் பிரிக்கப்படும். நாற்காலிகள் லாரி ஏறும். வந்தோர் தத்தம் வேலைக்குத் திரும்புவர். அதன்பின் அவ்வீட்டில் எஞ்சுவோர் பெரும்பாலும் இருவரே. இழந்தவர் ஒருவர், அவருடைய வாழ்க்கைத்துணை மற்றொருவர். பதினேழாம் நாள் தொடங்கி மாதக்கணக்கில் நீளும் அக்காலத்தை அவ்விருவரும் எவ்வாறு கடக்க வேண்டும் என்பதைத் தமிழ்ச் சமுதாயம் கற்பித்திருக்கிறதா?

கற்பித்திருக்கிறது, ஆனால் தவறாகக் கற்பித்திருக்கிறது. "அழாதே என்று சொல், மறந்துவிடு என்று சொல், எல்லாம் தலையெழுத்து என்று சொல், அதற்கும் தேறாவிட்டால் அதட்டு." வழிவழியாகக் கையளிக்கப்படும் பாடம் இதுவே. இப்பாடத்தைக் கற்ற கணவன், மனைவியைத் தேற்றுவதாக எண்ணி அவள் வாயை அடைக்கிறான். இதே பாடத்தைக் கற்ற மனைவி, கணவனுக்குத் துணிவூட்டுவதாக எண்ணி அவனைத் தனிமையில் தள்ளுகிறாள். துயருற்ற துணையைத் துயரிலிருந்து விரைந்து வெளியேற்றுவது எவருடைய கடமையும் அன்று; அத்துயரில் உடனிருப்பதே கடமை. அத்துயர் நோயாகத் திரியுமாயின், அதை நோயென்று உணர்ந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அடுத்த கடமை. இவ்விரண்டையும் விடுத்து அறிவுரையை மட்டும் அள்ளி வழங்குவது அன்பாகாது.

அறிவுரை வழங்குவோர் முதலில் துணைக்கு அழைப்பது திருக்குறளை. துன்பம் வந்தால் நகைக்கும்படி வள்ளுவரே சொல்லிவிட்டார் என்பர். அவர்கள் சுட்டும் 'இடுக்கண் அழியாமை' எங்கே நிற்கிறது என்பதைத் தமிழாசிரியர் அறிவர். அது 63ஆம் அதிகாரம். பொருட்பாலில் அரசியல் என்னும் பகுதியின் இறுதி அதிகாரம். மடியின்மையையும் ஆள்வினையுடைமையையும் அடுத்து வருவது. ஒரு வினையை மேற்கொண்டவன் இடையூறு கண்டு தளராதிருக்கத் தன் உள்ளத்துக்குத் தானே ஊட்டிக்கொள்ள வேண்டிய உரம் அது. மகனைப் பறிகொடுத்த தாயின் முகத்துக்கு நேரே பிறர் எடுத்து எறிவதற்கான கல் அன்று.

தேற்ற வருவோர்க்குரிய குறளைத் தேடுவோர் 79ஆம் அதிகாரமாகிய 'நட்பு' நோக்கித் திரும்புவது நன்று. அங்கே ஆடை நெகிழ்ந்தவனுக்கு அவனுடைய கை விரைந்து உதவுவதை வள்ளுவர் நட்புக்கு உவமையாக்குகிறார். அந்தக் கை பேசுவதில்லை. ஆடையை ஏன் இறுகக் கட்டவில்லை என்று கடிவதில்லை. உலகில் பலருக்கும் ஆடை நெகிழ்வதுண்டு என்று ஆறுதல் கூறுவதுமில்லை. விரைந்து சென்று பற்றிக்கொள்கிறது, அவ்வளவே. துணையாவார் கற்க வேண்டிய பாடம் அந்தக் கையிடம் இருக்கிறது.

துயரத்தைக் கண்டு அஞ்சி அதை மூடி மறைப்பது தமிழர் மரபும் அன்று. இழந்தோர் செயலற்று நிற்கும் நிலைக்குக் 'கையறுநிலை' எனப் பெயரிட்டு, அதைப் பாடுதற்குரிய துறைகளுள் ஒன்றாக வைத்தனர் முன்னோர். புறநானூற்றின் 112ஆம் பாட்டு பாரி மகளிர் பாடியது. சென்ற திங்களின் முழுநிலவில் தந்தையும் குன்றும் இருந்த நிலையையும், இத்திங்களின் முழுநிலவில் இரண்டும் இல்லாத நிலையையும் அம்மகளிர் ஒப்பிட்டுக் காட்டுகின்றனர். அடிகள் ஐந்தே. அப்பாட்டைத் தொகுத்தவர் அதன் அடியில் ஓர் ஆறுதல் மொழியை ஒட்டி வைக்கவில்லை. பெண்கள் கூடி மாரடித்து ஒப்பாரி வைத்ததும் அவ்வழிப்பட்டதே. இறந்தவரின் பெயரையும் பண்பையும் பலர் அறிய வாய்விட்டுச் சொல்லி அழ இடம் தந்த மரபு அது. அம்மரபில் வந்தவர்கள் இன்று, "சத்தம் போடாதே, பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள்?" என்கின்றனர்.

மலேசியத் தமிழர் தோட்டங்களில் வாழ்ந்த காலத்தில் ஒரு வீட்டு இழவை ஒரு லயமே சுமந்தது. அடுத்த வீட்டுக்காரி சோறு கொண்டு வருவாள்; எதிர்வீட்டுக்காரி பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள்; பெரியவர் ஒருவர் திண்ணையில் வந்து பேசாமல் அமர்ந்திருப்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல, வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம் தந்து மறைந்தன, மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். ஒரு லயம் பகிர்ந்து சுமந்த பாரம் இன்று கணவன் அல்லது மனைவி என்னும் ஒரே தோளின்மேல் இறங்கியிருக்கிறது. தோள் மாறிற்று, பாடம் மாறவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது இந்நிலை வெட்டவெளிச்சமாயிற்று. கொள்ளைநோய்க் காலத்தில் இறுதிச் சடங்கில் நிற்பதற்கும் ஆள்கணக்கு விதிக்கப்பட்டது. எத்தனையோ இல்லங்களில் இழந்தவரும் துணையும் மட்டுமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தனர்.

தோட்ட வாழ்விலும் வாய் திறவாத் துயர் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் இட்ட ஏறத்தாழ 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். பெருந்தொகையினர் திரும்பவில்லை. உடலும் வரவில்லை; உறுதியான செய்தியும் வரவில்லை. தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா என்று அறியாமல் பெண்கள் நின்றனர். திரும்பி வந்தோருள்ளும் பலர் கண்டதைச் சொல்லாமலே கண்மூடினர். "நடந்தது நடந்துவிட்டது, பிழைப்பைப் பார்" என்பதே அவர்களுக்குக் கிடைத்த மருந்து. அந்த மருந்தையே பேரப்பிள்ளைகளுக்கும் புகட்டுவது அறிவுடைமையா?

இன்றைய நிலையை ஓர் எடுத்துக்காட்டால் நோக்குக. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்வோர். அவ்வாறு மகனை இழந்த ஓர் இணையரை எண்ணிப் பார்க்கலாம். மூன்றாம் வாரம் கணவன் வேலைக்குச் செல்லத் தொடங்குகிறான். மனைவி மகனின் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். "இன்னும் எத்தனை நாள் இப்படி?" என்று அவன் கேட்கிறான். "பெற்றவனுக்கு வலிக்கவே இல்லையே" என்று அவள் உள்ளுக்குள் நொந்துகொள்கிறாள். அவன் வேலைக்கு ஓடியதும் அத்துயரம் தாங்காமல்தான் என்பது அவளுக்குத் தெரியாது. ஆண்மகன் அழலாகாது என்று வளர்க்கப்பட்டவன் அதைச் சொல்லவும் மாட்டான். உறவினர் வந்து, "மற்ற இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே" என்பர். பிள்ளைகள் கடைச் சரக்கா, ஒன்று போனால் மீதியை எண்ணி மனம் அமைவதற்கு? "கொஞ்ச நாள் தாய்வீட்டில் விட்டுவிடு" என்று வேறொருவர் வழிகாட்டுவர். உடனிருக்க வேண்டிய ஒருவனிடம் பிரிந்திருக்கச் சொல்வதற்கு ஆறுதல் என்று பெயர்!

அக்கணவன் செய்யத்தக்கவை எளியவை. "ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்பது பயனற்ற சொல். வேண்டுவது இன்னதென்று அறியும் ஆற்றலையே அவள் இழந்திருக்கிறாள். அவன் கேளாமலே சோறு வடிக்கலாம். அவளருகில் அமர்ந்து, மகனின் பெயரைத் தானே முதலில் எடுத்துப் பேசலாம். மகன் பிறந்தநாள், தீபாவளி, இறந்த திதி ஆகிய நாள்கள் நெருங்கும்போது முன்னதாகவே அதைச் சொல்லி, அந்நாளை எவ்வாறு கழிப்பது என்று அவளோடு கலந்து பேசலாம். அவள் அழும்போது தானும் அழலாம். மாலையில் சிறிது தூரம் நடக்க உடன் அழைக்கலாம். அவள் இன்று மறுத்தால் சினவாமல் நாளையும் அழைக்கலாம்.

மணம் பேசி முடித்தவர்களின் நிலை இதனினும் கொடியது. நிச்சயித்த பெண்ணின் வீட்டில் விபத்தோ சாவோ நேர்ந்தால், "ராசி இல்லாதவள்" என்று நாக்கூசாமல் சொல்வோர் இன்றும் உளர். அவளைக் காதலித்தவன் பெற்றோர் சொல்லுக்கு அஞ்சி ஒதுங்கிக்கொள்கிறான். தந்தையை இழந்தவள் அதே மாதத்தில் தன்னவனையும் இழக்கிறாள். அந்த நேரத்தில் அவளோடு நிற்காதவன், வாழ்வில் எந்த நேரத்தில் நிற்பான்?

படித்தவர்களிடம் வேறொரு பிழை உண்டு. துயரத்திற்கு ஐந்து படிநிலைகள் உள என்று கேள்விப்பட்டு, துணைவி எந்தப் படியில் நிற்கிறாள் என்று அளந்து பார்ப்பர். எலிசபெத் கூப்ளர் ராஸ் அம்மையார் 1969இல் வெளியிட்ட நூலில் அப்படிநிலைகளைக் கூறியது, சாவை எதிர்நோக்கிய நோயாளரிடம் பேசி அறிந்ததைக் கொண்டு. இழந்து நிற்போர் வரிசையாக ஏறி முடிக்க வேண்டிய பாடத்திட்டமாக அதைக் கொள்வது பொருந்தாது. துயரம் முன்னேறும், பின்வாங்கும், ஆறியது போலிருந்து ஒரு பாட்டைக் கேட்டதும் மீண்டும் பீறிடும். அதற்குத் தேர்வு வைத்து மதிப்பெண் இடுதல் தகாது.

எனினும், துயரம் அனைத்தையும் காலம் ஆற்றிவிடும் என்று வாளாவிருப்பதும் பிழையே. இழந்தவரை எண்ணி அலையலையாக எழும் துயர் வேறு. எதிலும் நாட்டமின்றி, தன்னைத் தானே பயனற்றவளாகவும் குற்றவாளியாகவும் கருதி, உணவும் உறக்கமும் குலைந்து, பெரும்பாலான நாள்கள் அவ்வாறே இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மனச்சோர்வு நோய் வேறு. துயரமே தணியாமல் நீடித்து வாழ்வை முடக்குவதையும் மருத்துவ உலகம் தனி நோயாக ஏற்றுள்ளது. 2022இல் நடப்புக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் அதற்குக் குறைந்தது 6 மாதம் என வரையறுத்தது. அதே ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்றது. பதினாறு நாளில் தேற வேண்டும் என்று ஆணையிடுவோர் இவ்வெண்களை உற்றுநோக்கட்டும்.

இந்நோயைப் பேய் பிடித்தது என்போரும், சோம்பல் என்போரும், வெளியில் தெரிந்தால் பைத்தியக்காரப் பட்டம் வந்துவிடும் என்போரும் உயிரோடு விளையாடுகின்றனர். கோவிலுக்கு அழைத்துச் செல்வதை எவரும் தடுக்கவில்லை. மருத்துவரிடம் செல்லாமல் தடுப்பதே குற்றம். மலேசிய அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் 1 வெள்ளி கட்டி மருத்துவரைக் காணலாம். தேவையாயின் அவர் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். மனச்சோர்வு மருந்து பயன் தரச் சில வாரங்கள் ஆகும். ஒரு வாரத்தில் குணமில்லை என்று தாமாகவே நிறுத்திவிடல் கூடாது. "நான் இருந்து என்ன பயன்?" என்ற சொல் துணையின் வாயிலிருந்து வருமாயின், சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தைப் புதிதாக விதைத்துவிடாது. பூட்டிய கதவைத் திறக்கவே செய்யும். ஆம் என்றால் தனியே விடாது, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்டிருந்த சட்டப்பிரிவு சிங்கப்பூரில் 2020இலும் மலேசியாவில் 2023இலும் நீங்கிவிட்டது. சட்டம் தண்டிப்பதை நிறுத்திவிட்டது; சமுதாயத்தின் நாக்கு இன்னும் நிறுத்தவில்லை.

"இவ்வாறு இடம் கொடுத்தால் துயரம் வளராதா? துணையாக இருப்பவரின் வாழ்வும் பாழாகாதா?" என்று வினவுவோர் உண்டு. முதல் வினாவுக்கு விடை: வாய்விட்டுச் சொல்லப்பட்ட துயரத்தினும் அடைத்து வைக்கப்பட்டதே அஞ்சத்தக்கது. இரண்டாம் வினா நேர்மையானது. துணை என்பவர் மருத்துவரும் அல்லர், தெய்வமும் அல்லர். அவரும் உறங்க வேண்டும்; தம் நண்பரிடம் மனம் திறக்க வேண்டும்; வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் வந்து அவ்விடத்தில் அமர வேண்டும். நாள் முழுதும் தொலைபேசியில் செவிமடுக்க மலேசியாவில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் சிங்கப்பூரில் எஸ்.ஓ.எஸ். அமைப்பும் உள்ளன. எனவே குறை, உடனிருப்பவரிடம் இல்லை; பதினாறாம் நாளோடு கைகழுவிய உறவிடம் இருக்கிறது. பந்தலுக்கு வந்த நூறு பேருள் நால்வர், மூன்றாம் மாதத்தில் சோற்றுப் பாத்திரத்தோடு வந்தால் போதும், அவ்வீடு நிமிரும்.

தமிழாசிரியர்க்கு இதில் தனிக் கடமை உண்டு. கையறுநிலையை இலக்கணக் குறிப்பாக மட்டும் கற்பித்து, வகுப்பில் தாயை இழந்த மாணவன் அழும்போது, "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று கேட்கும் ஆசிரியர், பாடத்தைத் தாமே பொய்யாக்குகிறார். அம்மாணவனே நாளை கணவனாவான். அருகிலிருந்து பார்க்கும் மாணவியே நாளை மனைவியாவாள். குறளை ஒப்புவிக்கப் பழக்குவதோடு, அழுபவர் அருகில் பேசாமல் அமர்ந்திருக்கவும் அவர்களைப் பழக்க வேண்டும். "அழாதே" என்று சொல்லத் தெரிந்தவர் தமிழரிடையே மிகப் பலர். இனி வேண்டப்படுவோர், பதினேழாம் நாள் வந்து அமரத் தெரிந்தவர்.