காய்ச்சலோட ஆபீஸ் வந்தா அது கடமை உணர்ச்சியா?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது மருத்துவப் பதிவு இல்லை. நான் டாக்டர் இல்லை. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சுட்டு ஓ.எம்.ஆர்.ல ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள பொட்டி தட்டிக்கிட்டு இருக்கற சாதாரண ஆசாமி. நிலவேம்பா மிளகு ரசமாங்கற பஞ்சாயத்துக்கு வந்தவங்க அப்படியே ரிவர்ஸ் எடுத்துக்கலாம் :)

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். உடம்பு அனலா கொதிக்க, மூக்கை உறிஞ்சிக்கிட்டே வேலைக்கு வர்றவரைப் பார்த்து "என்னா டெடிகேஷன்யா!"ன்னு பாராட்டறோமே, அதை நிறுத்தணும். அதைவிட முக்கியமா, அவரை அப்படி வரவைக்கற லீவு கணக்கை மாத்தணும். அவ்வளவுதான்.

"காய்ச்சல் தானேப்பா, இதுக்கு ஒரு பதிவா?"ன்னு கேக்கறவங்களுக்காக கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2009ல நான் ஏழாங்கிளாஸ். அந்த வருஷம் ஏப்ரல்ல மெக்ஸிகோ, அமெரிக்கா பக்கம் புதுசா ஒரு எச்1என்1 ஃப்ளூ கிளம்புச்சு. மே மாசமே விமானம் ஏறி ஹைதராபாத்ல இறங்கிடுச்சு. ஜூன் 11ம் தேதி உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றுன்னு அறிவிச்சது. ஆகஸ்ட் 3ம் தேதி புனேல 14 வயசு பள்ளி மாணவி ஒருத்தர் இறந்தார். இந்தியாவுல அதுதான் முதல் சாவு. அடுத்த வாரமே சென்னைல 4 வயசுக் குழந்தை. புனேல பள்ளிக்கூடம், தியேட்டர், மால் எல்லாத்தையும் சில நாள் மூடுனாங்க. இங்க நாம "பன்னிக் காய்ச்சல்"னு பேர் வச்சு, கறிக்கடைக்கும் அதுக்கும் முடிச்சுப் போட்டு ஜோக் அடிச்சுக்கிட்டு இருந்தோம். அது பன்றிக்கறி சாப்பிட்டு வர்றது இல்லை. மனுஷன் இருமி மனுஷனுக்கு வந்தது.

அந்த வருஷம் எங்க ஸ்கூல்ல நடந்த காமெடிதான் இன்னிக்கு வரைக்கும் மறக்கல. காலைல அசெம்பிளியில மைக்ல "இருமல், சளி இருக்கற மாணவர்கள் வீட்டிலேயே இருக்கவும்"னு அறிவிப்பு. ஆண்டு விழாவுல ஒரு நாள்கூட லீவு போடாத பசங்களுக்கு மேடையில எவர்சில்வர் டிபன் பாக்ஸ்! அந்த டிபன் பாக்ஸுக்காக மழைக்காலம் முழுக்க லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டே பெஞ்சுல உக்காந்திருந்த பசங்க எத்தனை பேருன்னு எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். பசங்க மேல தப்பு இல்லை. பரிசு எதுக்குன்னு பெரியவங்க முடிவு பண்ணது அப்படி. நம்ம ஆபீஸ் கலாச்சாரம் எங்கேருந்து ஆரம்பிக்குதுன்னு யாராவது கேட்டா நான் அந்த டிபன் பாக்ஸைத்தான் காட்டுவேன்.

2010 ஆகஸ்ட் 10ம் தேதி பெருந்தொற்று முடிஞ்சுதுன்னு அறிவிச்சாங்க. ஆனா வைரஸ் மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டுப் போகல. வருஷா வருஷம் வர்ற சாதாரண ஃப்ளூ கூட்டத்துல அதுவும் ஒண்ணாயிடுச்சு. 2015ல இந்தியாவுல மட்டும் பரிசோதனையில உறுதியானதே 42,000 பேருக்கு மேல. இறந்தவங்க கிட்டத்தட்ட 3,000 பேர். அந்த 2009 பெருந்தொற்றுல உலகம் முழுக்க டெஸ்ட் பண்ணி உறுதியான சாவு 18,000 சொச்சம்தான். ஆனா பின்னாடி அமெரிக்க சி.டி.சி. ஆளுங்க உக்காந்து கணக்குப் போட்டப்போ, முதல் வருஷத்துல மட்டும் ஒன்றரை லட்சத்துலேர்ந்து ஐந்தே முக்கால் லட்சம் வரைக்கும் இருக்கலாம்னு வந்தது. அதுல 80 சதவீதம் 65 வயசுக்குக் கீழ இருக்கறவங்க! "நமக்கென்ன, இளரத்தம்"னு நெஞ்சை நிமித்தறவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிச்சுக்கோங்க.

இப்போ ஃப்ளூ எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். உடம்பு சுட ஆரம்பிக்கறதுக்கு ஒரு நாள் முன்னாடியே அது அடுத்தவங்களுக்குப் பரவ ஆரம்பிச்சிடும். படுத்த முதல் மூணு நாள்தான் உச்சம். அப்புறம் குறைஞ்சுக்கிட்டே வந்து, பெரும்பாலானவங்களுக்கு ஒரு வாரத்துல அடங்கும். ஒரு பாராசிட்டமால் போட்டா சூடு குறையும், ஆள் நடமாட முடியும். ஆனா வைரஸ் குறையாது. அதாவது மாத்திரையைப் போட்டுக்கிட்டு "இப்போ பரவால்ல"ன்னு லேப்டாப் பையைத் தூக்கறோம் பாருங்க, அந்த நேரத்துலதான் நாம ஊருக்கே பந்தி வைக்கக் கிளம்பறோம்.

போன வருஷம் ஐப்பசி மழை நேரம். எங்க டீம்ல ரிலீஸ் வாரம். பக்கத்து சீட் நண்பருக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரியே காய்ச்சல். டேமேஜருக்கு மெசேஜ் போட்டிருக்கார். வந்த பதில்: "நீ இல்லாம எப்படிப்பா? சும்மா வந்து உக்காரு போதும், பாத்துக்கலாம்." அவரும் வந்து உக்காந்தார். பன்னெண்டு பேர் உக்கார்ற ஏசி பே. ஜன்னல் உண்டு, திறக்க முடியாது. திங்கட்கிழமை ஒருத்தர் இருமினார். புதன்கிழமை மூணு பேர். வெள்ளிக்கிழமை அஞ்சு சீட் காலி. ரிலீஸ் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? நாலு நாள் தள்ளிப் போச்சு.

கணக்குப் போடுங்க இன்ஜினியர்களே. ஒருத்தருக்கு மூணு நாள் லீவு குடுக்க மனசில்லாம, அஞ்சு பேரோட நாலு நாலு நாள். இருபது ஆள் நாள் காலி. எந்த எக்ஸெல் ஷீட்ல போட்டாலும் இது நட்டம்.

அதோட முடியல. அஞ்சு பேர்ல ஒருத்தரோட அப்பாவுக்கு சுகர். வீட்டுக்குப் போன காய்ச்சல் அவரைப் பிடிச்சு, நிமோனியாவாகி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அதுல மூணு நாள் ஐ.சி.யூ. மனுஷன் பிழைச்சு வந்துட்டார். இன்னொரு பொண்ணுக்கு ஒன்றரை வயசுக் குழந்தை, ஒரு வாரம் ராத்திரி தூக்கமே இல்லை. யாருகிட்டேருந்து யாருக்கு வந்ததுன்னு கோர்ட்ல நிரூபிக்க முடியாதுதான். ஆனா அந்த பேல உக்காந்திருந்த எங்களுக்கு சந்தேகம் எதுவும் இல்லை. இதுல அந்த நண்பர் மேல எனக்கு ஒரு துளி கோபம் கிடையாது. அவர் லீவுதான் கேட்டார். கோபம் எல்லாம் "சும்மா வந்து உக்காரு"ங்கற அந்த பதில் மேல.

அட, இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. வாஷிங்டன்ல பெண்கள் கொள்கை ஆய்வு நிறுவனம்னு ஒண்ணு இருக்கு. 2009 செப்டம்பர்லேருந்து நவம்பர் வரைக்கும் அமெரிக்காவுல கிட்டத்தட்ட 80 லட்சம் பேர் எச்1என்1 தொற்றோட லீவு போடாம வேலைக்குப் போயிருக்காங்க, அவங்க மூலமா கூட வேலை செய்யறவங்க 70 லட்சம் பேர் வரைக்கும் தொத்தியிருக்கலாம்னு அவங்க கணக்கு. சம்பளத்தோட சிக் லீவ் எல்லாருக்கும் கட்டாயம்னு நாடு முழுக்க சட்டம் இல்லாத ஊர் அது.

நம்ம ஊர்ல சட்டம் இருக்கு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. உடம்பு சரியில்லைன்னா வருஷத்துக்கு 12 நாள் வரைக்கும் சம்பளத்தோட லீவுன்னு அதுல எழுதியிருக்கு. அதாவது சிக் லீவ்ங்கறது டேமேஜர் தன் பாக்கெட்லேருந்து எடுத்துக் குடுக்கற சாக்லேட் இல்லை. நம்மாளுங்க அதை "சார், தப்பா நினைச்சுக்காதீங்க சார்"னு ஆரம்பிச்சுத்தான் கேக்கறோம்.

நமக்காவது கேக்க வாய் இருக்கு. எங்க தளத்துல ஹவுஸ்கீப்பிங் பாக்கற அக்கா ஒருத்தர் அதே வாரம் மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு, கண்ணெல்லாம் செவந்து, மேஜை துடைச்சுக்கிட்டு இருந்தாங்க.

"ஏன்க்கா, வீட்ல படுக்கக் கூடாதா?"

"படுத்தா இன்னிக்குச் சம்பளம் நீ குடுப்பியா தம்பி? கான்ட்ராக்ட்ல லீவு ஏது?"

என்கிட்ட பதில் இல்லை. சட்டத்துல அவங்களுக்கும் லீவு உண்டு, கான்ட்ராக்டர் அகராதியிலதான் இல்லை. ஈ.எஸ்.ஐ. இருக்கேன்னு யாராவது கேப்பீங்க. 1948ம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டம் நல்ல சட்டம்தான். டாக்டர் சான்றிதழ் குடுத்தா சம்பளத்துல 70 சதவீதம் கிடைக்க வழி பண்ணுச்சு. ஆனா அதுல ஒரு ஷரத்து வச்சாங்க: புதுசா படுத்தா முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது. ஃப்ளூ உச்சத்துல பரவற அதே நாட்கள்! அந்த ஷரத்தை எழுதினவங்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ஆனா வைரஸையே கூப்பிட்டு "எப்படி எழுதலாம்?"னு கேட்டிருந்தா அதுவும் இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கும்.

இனி வழக்கமா வர்ற வாதங்கள். வரிசையா வாங்க.

"லீவு குடுத்தா பொய் சொல்லி எடுப்பாங்க." எடுக்கட்டுமே. பத்துப் பேர்ல ஒருத்தர் பொய் சொல்லி கிரிக்கெட் பார்த்தா ஒரு நாள் போகும். மீதி ஒன்பது பேர் நிஜக் காய்ச்சலோட வந்தா என்ன போகும்னு மேலயே கணக்குப் போட்டாச்சு. முதல் நாளே டாக்டர் சர்டிஃபிகேட் கேக்கற அறிவாளிகளுக்கு ஒரு கேள்வி: அந்தக் காகிதத்துக்காக காய்ச்சல்காரர் ரெண்டு மணி நேரம் கிளினிக் பெஞ்சுல உக்காந்திருப்பாரே, பக்கத்துல உக்காந்திருக்கற கர்ப்பிணிக்கு யார் பொறுப்பு?

"அதான் ஒர்க் ஃப்ரம் ஹோம் இருக்கே." 2020க்கு அப்புறம் வந்த புது சூனியம் இது. ஆபீஸ்ல மத்தவங்களுக்குத் தொத்தாதுங்கறது வாஸ்தவம். ஆனா காய்ச்சல்காரனுக்கு வேணும்கறது தூக்கம். ஸ்டாண்டப் மீட்டிங் இல்லை. இதைக் காரணமா வச்சு சிக் லீவையே ஒழிச்சுக்கட்டப் பாக்கறாங்க, ஜாக்கிரதை. தவிர அந்த அக்கா எப்படி ஒர்க் ஃப்ரம் ஹோம் பண்ணுவாங்க? கேன்டீன் அண்ணன்? கேப் டிரைவர்?

"அந்தக் காலத்துல நாங்கல்லாம் காய்ச்சலைக் கண்டுக்கவே மாட்டோம்." அந்தக் காலத்தைப் பத்தியும் பேசிடுவோம் சார். 1918 ஜூன் 10ம் தேதி பம்பாய் துறைமுகத்துல காவல் பாத்த ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. பத்தே நாள்ல துறைமுக ஊழியர்கள், தந்தி ஆபீஸ், நாணயச்சாலை, பேங்க், மில்லுன்னு வேலை செய்யற இடமா பார்த்துப் பரவுச்சு. அங்கேருந்து ரயிலேறி நாடு பூரா. அந்த ஸ்பானிஷ் ஃப்ளூவுல இந்தியாவுல மட்டும் இறந்தவங்க 1.2 கோடியிலேருந்து 1.8 கோடி வரைக்கும்னு மதிப்பீடு. கண்டுக்காம இருந்தவங்கள்ல நிறையப் பேர் கதை சொல்ல மிஞ்சல.

கடைசியா நம்ம வீடு. ஆபீஸைத் திட்டறது சுலபம், வீட்ல என்ன நடக்குது? அப்பாவுக்குக் காய்ச்சல்னா வீடே அமைதி, கஞ்சி, துவையல். பசங்களுக்குன்னா மடியில படுக்க இடம். அம்மாவுக்குக் காய்ச்சல்னா? "லேசா சுடுது"ன்னு சொல்லிட்டு ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு, அடுப்படியில அதே கஞ்சியை நாலு பேருக்கு வைப்பாங்க. அவங்களுக்கு லீவு குடுக்க சட்டமும் இல்லை, ஹெச்.ஆரும் இல்லை. இரும இரும சமையல் பண்ற அம்மாவை "எங்கம்மா இரும்பு மனுஷி"ன்னு ஃபேஸ்புக்ல எழுதறதுக்கு முன்னாடி, எந்திரிச்சுப் போய் அந்தக் கரண்டியை வாங்குங்க சாமி. அவங்களுக்கு ஓய்வு, வீட்டுக்குப் பாதுகாப்பு.

என்னதான்டா வேணும் உனக்குன்னு கேட்டா:

1. காய்ச்சல்னு சொன்ன முதல் மூணு நாளைக்கு ஆபீஸ்ல கேள்வி கேக்கக் கூடாது, சர்டிஃபிகேட் கேக்கக் கூடாது.
2. கான்ட்ராக்ட்ல வேலை பாக்கறவங்களுக்கும் முதல் நாள்லேருந்தே சம்பளத்தோட லீவு. ஒரே காத்தைத்தான் எல்லாரும் சுவாசிக்கறோம்.
3. ஸ்கூல்ல 100 சதவீத வருகைக்குப் பரிசு குடுக்கறதை ஒழிக்கணும். டிபன் பாக்ஸை வேற ஏதாவது நல்ல காரியத்துக்குக் குடுங்க.
4. அப்ரைசல்ல "உடம்பு முடியாம இருந்தும் வந்தார்"னு எழுதற வரியை யாரும் பெருமையா எழுதக் கூடாது. எழுதினா அது டீம் லீடுக்கு மைனஸ் மார்க்.

இதுல எதுக்கும் ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. தடுப்பூசி வருஷா வருஷம் மாறுது, போட வசதி இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கோங்க. ஆனா "நீ வீட்ல படுப்பா, நாங்க பாத்துக்கறோம்"னு சொல்றதுக்கு எந்த கம்பெனி லாப் கண்டுபிடிப்புக்கும் காத்திருக்க வேண்டாம். டீம் லீடா இருக்கற சக பதிவர்கள் நாளைக்குக் காலைலயே ஆரம்பிக்கலாம். ஐப்பசி வந்தா மழை வரும், மழையோட ஃப்ளூவும் வரும். அதுக்குள்ள உங்க டீம்ல இதைப் பேசி முடிச்சு வைங்க.

பி.கு: "ஆணி நிறைய இருக்கே, யார் புடுங்கறது?"ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு: ஆணி எங்கயும் ஓடிப்போகாது மக்கா, உடம்பு தேறி வந்ததும் அங்கேயேதான் இருக்கும் :)