மலையில் சிக்கியவரை மீட்கும் செலவு யாருடையது?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சென்னை, ஈரோடு, திருப்பூர் மலையேற்றக் குழுவினரை நோக்கி முதலில் ஓடியவர்கள் உள்ளூர்க்காரர்களும் பழங்குடியினரும்தான். விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் கமாண்டோ வீரர்களும் வந்தது அதற்குப் பிறகு. வண்டி போகாத சரிவில் தீக்காயம் பட்டவர்களைப் போர்வையில் கிடத்தித் தோளில் சுமந்து இறக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்தத் துயரத்தில் ஹெலிகாப்டர் பறந்த செலவுக்கு அரசிடம் கணக்கு இருக்கும். வேலையைப் போட்டுவிட்டு மலையேறிய தொழிலாளி இழந்த கூலிக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் கிடையாது. மீட்புச் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் விட்டுப்போவது இந்தக் கணக்குதான். முதலில் எழுத வேண்டியதும் இதைத்தான்.

மீட்கப்பட்டவரிடமே வசூலித்துவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா அருகே பாறை இடுக்கில் இரண்டு நாள் சிக்கியிருந்த இளைஞரை ராணுவம் மீட்டபோது, முக்கால் கோடி ரூபாய் அளவுக்குச் செலவானதாகச் செய்திகள் வந்தன. ஒருவருடைய ஆசைக்கு ஊர் வரிப்பணமா என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் பணம் கேட்பார்களோ என்று பயப்படுகிறவர் உதவி கேட்கத் தயங்குவார். மாலை நான்கு மணிக்கு அழைத்தால் நாலு பேர் கயிற்றோடு போய்க் கூட்டி வந்துவிடலாம். இருட்டிய பிறகு அழைத்தால் அதே வேலைக்குப் பெரும்படை வேண்டும், போகிறவர்கள் உயிருக்கும் உத்தரவாதமில்லை. அமெரிக்காவின் மலை மீட்புச் சங்கம் கட்டண வசூலை எதிர்ப்பது இதனால்தான். தலைக்கவசம் இல்லாமல் போய் விழுந்தவரையும் 108 வண்டி காசு கேட்காமல் ஏற்றிக்கொள்கிறது. தடை செய்த காட்டுக்குள் அத்துமீறி நுழைந்தவருக்கு வனச் சட்டப்படி அபராதம் போடட்டும். அது குற்றத்துக்கான தண்டனை. உயிரைக் காத்ததற்கான கூலியாக அதை வசூலிக்கக் கூடாது.

அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்? மலையேறும் முன்பே வர வேண்டும். சுவிட்சர்லாந்தில் ரெகா என்ற வான்வழி மீட்பு அமைப்புக்கு லட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் சிறு தொகை கட்டுகிறார்கள். அவர்களை மீட்க நேர்ந்தால், காப்பீடு ஏற்காத செலவை ரெகா பெரும்பாலும் கேட்பதில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலும் மீட்புச் செலவுக்கென முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் அட்டை ஒன்று உண்டு. நமக்கு இதற்கான வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்தில் கட்டணம் கட்டி முன்பதிவு செய்கிறார்கள், உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் போகிறார்கள். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கை மீட்பு நிதியென்று தனியாக ஒதுக்கலாம். லாபத்துக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகும் தனியார் ஏற்பாட்டாளர்களிடம் கூடுதலாகவே வாங்கலாம், ஏனென்றால் ஆபத்தை விற்றுச் சம்பாதிப்பவர்கள் அவர்கள்.

வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளை ஏறும் கூலித் தொழிலாளியிடமும், அமாவாசைக்குச் சதுரகிரி போகும் பாட்டியிடமும் இந்தப் பணத்தைக் கேட்க முடியுமா என்று கேட்பார்கள். கேட்கக் கூடாது. எங்கள் கோவிலூர், காரைக்குடிப் பக்கத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்களுக்கு வழியிலுள்ள ஊர்கள் சோறும் தங்க இடமும் தருகின்றன, யாரும் ரசீது நீட்டுவதில்லை. பக்தர்களின் பாதுகாப்பு அரசின் பொறுப்பு. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் உயிர்களைப் பறித்த பிறகும் இதில் விவாதத்துக்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அறநிலையத் துறையும் பேரிடர் மேலாண்மைத் துறையும் தத்தம் நிதியிலிருந்து அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

சேரும் பணம் முதலில் ஹெலிகாப்டருக்குப் போகக் கூடாது. மலையடிவாரக் கிராமங்களில் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் பழங்குடி இளைஞர்களையும் கொண்டு மீட்புக் குழு அமைத்து, கயிறு, ஸ்ட்ரெச்சர், வயர்லெஸ் கருவி, முதலுதவிப் பயிற்சி எல்லாம் தர வேண்டும். அழைப்பு வந்து ஏறும் ஒவ்வொரு நாளுக்கும் கூலியும், ஏறுகிறவர் விழுந்தால் அவர் குடும்பத்துக்குக் காப்பீடும் எழுத்தில் உறுதியாக வேண்டும்.