மலிவு டிக்கெட்டும் மூன்று ஸ்பூன் சர்க்கரையும்



போன வாரம் ஒரு சாயங்காலம். பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழத்தை வெட்டி வைத்து, கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு சுளை எடுத்துக் கொண்டிருந்தேன். எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸ் பெண், இடுப்பில் ஏழு மாதக் குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆன்ட்டி, டிக்கெட் வந்துடுச்சு! அடுத்த மாசம் மெல்போர்ன். அவர் பாதி விலைக்குப் பிடிச்சிருக்கார்!"

"ரொம்ப சந்தோஷம்மா. சாப்பாட்டோட டிக்கெட்டா, சாப்பாடு இல்லாமலா?" என்று கேட்டேன்.

அவள் விழித்தாள். "சாப்பாடு குடுக்காம இருப்பாங்களா ஆன்ட்டி? ரெண்டாவது விமானமே எட்டு மணி நேரம் பறக்குதே!"

சுளைப் பாத்திரத்தை ஓரமாக நகர்த்திவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன். கேட்காமல் போனதால் பட்ட பாட்டை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

2019-ல் முதன்முறையாக மகள் வீட்டுக்கு ஆஸ்திரேலியா போனபோது பெரிய கம்பெனி விமானம். உட்கார்ந்ததுமே ஜூஸ், பிறகு தட்டு நிறையச் சாப்பாடு, போர்வை, தலையணை, முன்னால் சின்னத் திரையில் சினிமா. 'விமானம் என்றால் இப்படித்தான்' என்று மனசில் பதிந்து போயிற்று. 2023-ல் மகளுக்கு இரண்டாவது பிரசவம். என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் தனியாகக் கிளம்பினேன். மாப்பிள்ளை நல்ல மனசோடு, குறைந்த கட்டண விமானத்தில் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார். நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டும்.

வழிக்கு என்று புளியோதரை கிளறினேன். கைப்பையின் எடை கூடிவிடுமே என்று அதைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டேன். பெட்டிதான் நேரே வயிற்றுக்குள் போய்விடுகிறதே, விமானத்தின் வயிற்றுக்குள்! முப்பது வருஷம் நைட் ஷிப்ட், ஜெனரல் ஷிப்ட் என்று நேரம் தவறாமல் டிபன் கேரியர் கட்டிக் கொடுத்தவள் நான். ஒரு நாளாவது அவரை வெறுங்கையோடு சுரங்கத்துக்கு அனுப்பியதில்லை. எனக்கென்று வந்தபோது கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம்கூட இல்லை.

எனக்குச் சர்க்கரை உண்டு. சாப்பாட்டுக்கு முன் போடுகிற மாத்திரை. இரண்டாவது விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது, வாசனையும் வந்தது. 'இதோ வந்துவிடும்' என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். வண்டி வந்தது. பணிப்பெண் என் இருக்கை எண்ணைக் கையிலிருந்த பட்டியலில் பார்த்தாள். என் பெயரில் சாப்பாடு இல்லை. வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். நம் ரூபாய் செல்லாது, கார்டு இருக்கிறதா என்று கேட்டாள். கார்டு என் வீட்டுக்காரர் பையில், நெய்வேலியில் இருந்தது.

"பரவாயில்லை, பசியில்லை" என்று சைகை காட்டிவிட்டேன். தண்ணீரும் கேட்கவில்லை. அதற்கும் காசு கேட்டால் என்ன செய்வது? பத்துப் பேர் முன்னால் இல்லை என்று சொல்லிக்கொள்ள மானம் போகிறதே!

முக்கால் மணி நேரம் இருக்கும். கை நடுங்க ஆரம்பித்தது. குளிரில் போர்வை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் நெற்றியில் வியர்வை. நெஞ்சு படபட. பக்கத்தில் மடியில் ஒரு சின்னப் பையனை வைத்துக்கொண்டிருந்த பெண் என்னையே பார்த்தாள். யாழ்ப்பாணத்துப் பெண்.

"என்னம்மா, உங்களுக்கு ஏலாமல் இருக்கோ?" என்றாள்.

"சுகர் மாத்திரை போட்டேம்மா... சாப்பிடல..." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

பிள்ளையின் ஜூஸ் டப்பாவை அப்படியே என் வாயில் வைத்தாள். மணியை அழுத்திப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணும் ஓடிவந்து சர்க்கரைப் பொட்டலங்களும் தண்ணீரும் கொடுத்தாள், ஒரு காசு கேட்கவில்லை. பிறகு யாழ்ப்பாணத்துப் பெண் தன் கார்டைக் கொடுத்து எனக்குச் சோறு வாங்கினாள். நான் ரூபாய்த் தாளை அவள் கையில் திணிக்கப் பார்த்தேன்.

"விடுங்கோம்மா. எங்கட அம்மாவும் இப்பிடித்தான் தனிய வாறவா" என்றாள்.

விமான நிலையத்தில் மகள் நிறைவயிற்றோடு நின்றாள். முதல் கேள்வியே, "சாப்டியாம்மா?" என்பதுதான். "ம், நல்லா சாப்ட்டேன்" என்றேன். பிரசவ சமயத்தில் அவளைக் கலங்கவிடக்கூடாது என்று சொல்லாமல் இருந்தேன். அப்புறம் வெட்கத்தில் சொல்லாமல் விட்டேன்.

இதைக் கேட்டு எதிர் வீட்டுப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "டிக்கெட்டை மாத்திடட்டுமா ஆன்ட்டி?" என்றாள். வேண்டாம் என்றேன். மலிவு விமானத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த டிக்கெட் இல்லையென்றால் பேரனைக் குளிப்பாட்டும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது. அது எப்படி மலிவாகிறது என்று தெரிந்துகொண்டு ஏறினால் போதும்.

இது ஒன்றும் புதுசு இல்லை. 1977-லேயே ஃப்ரெடி லேக்கர் என்ற இங்கிலாந்துக்காரர் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 'ஸ்கைட்ரெயின்' என்று குறைந்த கட்டண விமானம் விட்டார். சாப்பாடு வேண்டுமானால் தனிக் காசு. அவர் கம்பெனி 1982-ல் மூடிப்போனாலும் யோசனை மூடிப்போகவில்லை. நம் நாட்டில் 2003-ல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கானும் அந்த வழிதான். நெடுந்தூரத்துக்கு ஏர் ஏசியா எக்ஸ் 2007-ல் கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கூட் 2012-ல் சிட்னிக்குப் போயிற்று.

ஒரே ரக விமானம், போயிங் 787-8. ஏர் இந்தியா 2012-ல் அதை வாங்கியபோது 256 இருக்கைகள் போட்டது. ஸ்கூட்டில் அதே விமானத்தில் 330-ஐ ஒட்டி இருக்கைகள். எழுபது பேர் கூடுதலாக உட்காருவதால் தலைக்குச் செலவு குறைகிறது. சாப்பாடு, போர்வை, இருக்கையைத் தேர்ந்தெடுப்பது, பெட்டியின் எடை எல்லாவற்றையும் டிக்கெட்டிலிருந்து பிரித்துத் தனித்தனியாக விற்கிறார்கள். ஓட்டலில் முழுச் சாப்பாட்டுக்குப் பதில் இட்லிக்கு ஒரு விலை, வடைக்கு ஒரு விலை என்கிற மாதிரி. எல்லா மலிவு விமானமும் ஒரே மாதிரி என்றும் நினைக்க வேண்டாம். இண்டிகோ 2025 ஜூலையில் மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் நெடுந்தூர விமானம் விட்டபோது சூடான சாப்பாட்டை டிக்கெட்டிலேயே சேர்த்துத்தான் கொடுத்தது. அதனால்தான் 'சேர்த்தா, சேர்க்காமலா' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் வரிசையாகச் சொல்கிறேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் அம்மாக்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு: டிக்கெட் எடுக்கும்போதே, அல்லது குறைந்தது 24 மணி நேரம் முன்பே, சாப்பாட்டைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சைவம் கிடைக்கும். விமானத்துக்குள் வாங்கினால் இருப்பதுதான். ஸ்கூட், ஏர் ஏசியா போன்றவற்றில் வெளிச் சாப்பாட்டை உள்ளே சாப்பிடக்கூடாது என்று விதி. குழந்தை உணவுக்கும் மருத்துவக் காரணத்துக்கும் பொதுவாக விலக்கு உண்டு. அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: 2006-க்குப் பிறகு பொதுவாக 100 மில்லிக்கு மேல் தண்ணீரைச் சோதனையைத் தாண்டிக் கொண்டுபோக விடுவதில்லை. காலி பாட்டிலுக்குத் தடையில்லை. சோதனை முடிந்ததும் குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் மாறுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் வாயிலருகேதான் சோதனை. அதற்கு முன் நிரப்பினால் கொட்ட வேண்டியதுதான்.

குளிர்: போர்வை விலைக்குத்தான். ஒரு பருத்திச் சால்வை, ஒரு ஜோடி காலுறை கைப்பையில் இருக்கட்டும். சால்வை குழந்தைக்குத் தூளிபோல மடியில் விரிக்கவும், பால் கொடுக்கும்போது மறைப்புக்கும் உதவும்.

குழந்தை: விமானம் இறங்கும்போது காது அடைத்து, வலியில் குழந்தைகள் வீறிடும். அப்போது தாய்ப்பாலோ பாட்டிலோ கொடுத்தால், உறிஞ்சி விழுங்கும்போது காது திறந்துகொள்ளும். தரையிறங்க அரை மணி முன்பே தூங்கும் குழந்தையை எழுப்பிவிடுவது நல்லது. குழந்தையைப் படுக்கவைக்கும் தொட்டில் பல மலிவு விமானங்களில் கிடையாது, கேட்டுவிடுங்கள். ஏர் ஏசியா எக்ஸிலும் ஸ்கூட்டிலும் 'அமைதிப் பகுதி' என்று சில வரிசைகள் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை. தெரியாமல் அந்த இடத்துக்குக் காசு கட்டிவிடாதீர்கள்.

கால்: உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதுபோல இருக்கும். கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரமோ மிகக் குறைவு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொல்லியிருக்கிறது. பயப்பட வேண்டாம், அப்போதும் ஆறாயிரத்தில் ஒருவருக்குத்தான். ஆனால் கர்ப்பிணிகளுக்கும் பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருப்பவர்களுக்கும் அபாயம் கூடுதல். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது. மற்றவர்கள் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கலாம். முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள்.

மருந்து: மாத்திரையும் டாக்டர் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையை, சாப்பாடு கண்ணெதிரே வந்த பிறகே போடுங்கள். நேரம் மாறும் ஊருக்குப் போகும்போது எப்போது போடுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கை நடுங்கி வியர்த்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அல்லது அரை டம்ளர் ஜூஸ். கால் மணி கழித்தும் சரியாகவில்லையென்றால் இன்னொரு தடவை. பிறகு சாப்பாடு.

பணம்: வெளிநாட்டில் செல்லும் கார்டு ஒன்று கையில் இருக்கட்டும். கிளம்பும் முன் வங்கியில் சொல்லி அதை வெளிநாட்டுக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

செல்போன்: முன்னால் திரை இருக்காது. குழந்தைப் பாட்டு, சினிமா எல்லாம் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 2025 ஏப்ரலிலிருந்து ஸ்கூட்டும் ஏர் ஏசியாவும் அதை விமானத்துக்குள் உபயோகிக்கவும் தடை போட்டுவிட்டன. முழுச் சார்ஜோடு ஏறுங்கள்.

ஊறுகாய், பொடி: ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது கொடுக்கும் படிவத்தில் கொண்டுபோகும் தின்பண்டம் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். எழுதினால், ஆகாததை எடுத்துக்கொள்வதோடு போகும். மறைத்தால் அபராதம்.

எல்லாவற்றையும் அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். அங்கேயே புருஷனுக்குப் போன் போட்டாள். சாப்பாடும் பெட்டி எடையும் சேர்த்த பிறகும் பெரிய கம்பெனி டிக்கெட்டைவிடக் குறைவாகத்தான் வந்தது. மூன்று இடத்திலும் இப்படிக் கூட்டிப் பார்த்த பிறகே மலிவா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

எழுந்திருக்கும்போது அவள், "ஆன்ட்டி, நீங்க அந்தத் தண்ணியையாவது கேட்டிருக்கலாமே?" என்றாள்.

கேட்டிருக்கலாம். உடம்புக்கு முடியவில்லை என்று வாய் திறந்ததும் பணிப்பெண் ஓடிவந்தாளே! பிள்ளை, புருஷன், மாமியார் எல்லாருக்கும் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக் கொடுப்போம். நமக்கு என்று கேட்க மட்டும் நாக்கு எழுவதில்லை. சகோதரிகளே, கேட்பதில் ஒரு மானக்கேடும் இல்லை. மயங்கி விழுந்து மகளை அலறவைப்பதுதான் கேடு.

அன்று இரவே மகளுக்குப் போன் செய்து, அன்றைக்கு நான் சாப்பிடாமல் தவித்ததைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அடுத்த தடவை டிக்கெட் நான் போடறேம்மா. சாப்பாட்டோட" என்றாள்.

"போடு. ஆனா மலிவாவே போடு" என்றேன்.