மேல்மாடிப் பாட்டியை யார் பார்த்துக்கொள்வது?

பெரும்பாக்கம் எட்டுமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டால், மேல்மாடிப் பாட்டிகளுக்கு வீடே சிறை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து நகரத்துக்கு வெளியே தூக்கியெறியப்பட்ட உழைக்கும் மக்கள் இவர்கள்; பெரும்பாலோர் தலித்துகள்.

கரையில் இருந்தவரை, பாட்டிக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்துக் குடிசையிலிருந்து கஞ்சி வரும். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தெருவில் யாராவது இருப்பார்கள். அதற்குப் பெயர்தான் சமூகப் பராமரிப்பு. எந்த அரசும் கொடுக்காத அதை, அரசுதான் பிடுங்கியது. இன்று அந்தத் தெருக்காரர்கள் ஆளுக்கொரு பிளாக்கில்.

2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம், மறுக்கவில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் படுத்த படுக்கையான பாட்டியைக் குளிப்பாட்டுவது யார்? மகள் அந்நேரம் ஓஎம்ஆர் அப்பார்ட்மென்ட் ஒன்றில் வேறொரு பாட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கென்று தனி டம்ளர் வைத்திருக்கும் வீடாகவும் அது இருக்கலாம்.

முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாய் ஆனது. ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள அது எத்தனை நாளைக்குக் காணும்?

நடக்க முடியாதவர்களுக்குத் தரைத்தளத்தில் வீடு மாற்றிக் கொடுங்கள். பிளாக்குக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் திறங்கள். அதில் அங்குள்ள பெண்களையே வேலைக்கு வையுங்கள். ஊக்கத்தொகையில் அல்ல, மாதச் சம்பளத்தில்.