சப்பாத்து பிழையாம்!



ஆரம்ப வகுப்புகளில் "பொருளுக்கேற்ற ஒரு சொல் எழுதுக" என்று ஒரு பயிற்சி உண்டு. நல்ல பயிற்சிதான். திருத்துகிற விதத்தில்தான் எங்களுக்குச் சண்டை. பாதத்தை முழுதாக மூடுகிற தோற் பாதணி எது என்று கேட்டால் பிள்ளை "சப்பாத்து" என்று எழுதுகிறது. பிழை. அதற்குள் போடுகிற உறை "மேஸ்". பிழை. முகம் துடைக்கிற சிறு துணி "லேஞ்சி". அதுவும் பிழை. "களிசான்" என்று எழுதிய பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரிக்கிறது.

கேட்டால், அவை போர்த்துக்கேயச் சொற்களாம். ஆமாம், 1505இல் வந்து இறங்கியவர்கள் விட்டுப்போனவைதான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியே சப்பாத்தைப் போர்த்துக்கேய மூலத்தோடு பதிந்து வைத்திருக்கிறது. ஆடைக்கு நிகண்டு சொல்லுகிற "கலிங்கம்" கலிங்க நாட்டுத் துணியோடு வந்த பெயர். அதை எழுதினால் கைதட்டு. சாரம் மட்டும் எப்படித் தப்பியதோ தெரியாது, அதுவும் மலாய்க்காரரின் சரோங்தான்! சப்பாத்தை வெட்டிய அதே கை, ஆசிரியர் அறைக்குப் போய் "ஷூஸ்", "சொக்ஸ்" என்று சொல்லும்போது யார் புள்ளி குறைக்கிறார்கள்?

பரீட்சைக்குப் பொதுச்சொல் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். காலுறை, கைக்குட்டை எல்லாவற்றையும் பிள்ளை படிக்கட்டும். லேஞ்சிக்குச் சரி போட்டுவிட்டு, பக்கத்தில் "கைக்குட்டை என்றும் சொல்வோம்" என்று எழுத எவ்வளவு மை செலவாகும்? வெறும் சிவப்புக் கோட்டைப் பார்க்கிற பிள்ளை, தன் உம்மும்மாவுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. பிறகு வீட்டில் அவர் பேசினால் இது திருத்துகிறது. அவரும் மெல்ல வாயை மூடிக்கொள்கிறார்.

இன்னும் சில சொற்களை எந்த வினாத்தாளும் கேட்பதே இல்லை. கால் விரலிடுக்கில் பிடிக்கக் குமிழ் வைத்த மரப் பாதணி எது? ஒரு காலத்தில் பள்ளிவாசல் ஹவுளடியில் டக் டக் என்று கேட்ட மிதியடி. கறுப்புக் குஞ்சம் தொங்குகிற சிவப்புத் தொப்பி எது? துருக்கித் தொப்பி. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அதை அணிந்து உயர் நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது என்று பிரதம நீதியரசர் தடுத்தபோது, மருதானையில் பெருங்கூட்டம் கூடி எதிர்த்தது எங்கள் சமூகம். அந்தத் தொப்பியின் பெயரைக் கேட்டால் இன்று எத்தனை பிள்ளைகள் சொல்லும்?

ஆகவே ஆசிரியர்களே, விடைப் பட்டியலில் ஊர்ச் சொல்லுக்கும் இடம் விடுங்கள். பெற்றோரே, பிள்ளை எழுதிய ஊர்ச் சொல் வெட்டப்பட்டிருந்தால் கொப்பியோடு போய் மரியாதையாகக் காரணம் கேளுங்கள். இந்தத் தவணை விடுமுறைக்கு எங்கள் மாணவர்களுக்கு ஒரே வேலைதான் கொடுத்திருக்கிறோம்: உடுப்பையோ பாதணியையோ விவரித்து, மூத்தவர்களிடம் அதன் பெயரைக் கேட்டு எழுதி வர வேண்டும். உங்கள் ஊர்ச் சொற்களையும் கீழே எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறோம்.